ஆண்ட்ராய்டு – மனிதப்போலி

கைப்பேசி இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டதால், ‘ஆண்ட்ராய்டு’ என்றால் செயற்கை மனிதன் என்பதே பலருக்கு மறந்துவிட்டது. சொல் பழையது. கிரேக்கத்தில் ‘ஆண்ட்ர்’ ஆணைக் குறிக்கும் அடி. ‘ஓய்டு’ என்னும் ஈறு ‘உருவில் ஒத்தது’ என்று பொருள்படும். 1728-இல் எஃப்ராயிம் சேம்பர்ஸ் தொகுத்த ஆங்கிலக் கலைக்களஞ்சியத்திலேயே மனித உருவில் செய்த பொறிக்கு இந்தப் பெயர் இருக்கிறது.

இளையோருக்கான திகில் நாவல்களில் ரோபோ, ஆண்ட்ராய்டு, சைபோர்க், குளோன் நான்கையும் ஒன்றுபோலப் போட்டுக் குழப்புகிறார்கள். மதிப்பிடும்போது முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான். ரோபோ, ‘கட்டாய உழைப்பு’ என்ற பொருளுடைய செக் மொழிச் சொல்லிலிருந்து வந்தது. காரெல் சாபெக் 1920-இல் எழுதிய நாடகம் அதைப் பரப்பியது. அந்த நாடகத்தின் ரோபோக்கள் இரும்பால் ஆனவையல்ல, சதைபோன்ற செயற்கைப் பொருளால் ஆனவை. இன்றைய வழக்கில் அவை ஆண்ட்ராய்டுகளே. சைபோர்க் 1960-இல் உருவான சொல். பொறி பொருத்திய உயிருள்ள உடலுக்குப் பெயர்.

அதிகம் தவறு நடப்பது குளோனில், அதாவது ஓர் உயிரின் மரபணுவை அப்படியே கொண்ட நகலில். கிரேக்கத்தில் அதன் மூலச்சொல்லுக்குச் சிறுகிளை என்று பொருள். 1903-இல் தாவரங்களுக்காகத்தான் இச்சொல்லை முதலில் பயன்படுத்தினார்கள். சேலத்துக் காட்டில் (வயலில்) குச்சிக்கிழங்கு என்னும் மரவள்ளி நடுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. தண்டின் நடுப்பகுதியில் 15 செ.மீ. நீளத்தில், எட்டுப் பத்துக் கணு இருக்கும்படி வெட்டிய கரணை ஒவ்வொன்றும் தாய்ச்செடியின் குளோன். முற்றிய செடியின் குச்சியை நட்டதற்காகப் புதுச்செடி முதல் நாளே கிழங்கோடு நிற்பதில்லை. அதற்கும் ஒன்பது, பத்து மாதம் மண்ணில் கிடந்தாக வேண்டும். 1996-இல் பிறந்த டாலி என்ற ஆடும், ஆறு வயது ஆட்டின் செல்லிலிருந்து வந்தாலும், குட்டியாகத்தான் பிறந்தது. அதுவும் 277 முயற்சிகளில் ஒன்றுதான் தேறியது. ஆகவே பதினேழு வயதுப் பெண் கண்ணாடித் தொட்டியிலிருந்து இன்னொருத்தியின் நினைவுகளோடு எழுந்து வந்தால், ‘குளோன்’ என்று சொல்லிவிட்டு ஆசிரியர் நகர முடியாது. உடல் எப்படி விரைந்து வளர்ந்தது, நினைவு எவ்வழியாகப் புகுந்தது என்ற இரண்டுக்கும் தனித்தனியே காரணம் காட்டவேண்டும். காட்டாத நாவல் அங்கேயே ஓட்டை விழுந்தது.

குளோனில் திகிலுக்கு உண்மையான வாய்ப்பு வேறிடத்தில் இருக்கிறது. தாய்ச்செடியில் தேமல் நோய் இருந்தால், கரணை வழியாகப் புதுக்காடு முழுக்க இலை மஞ்சள் திட்டாகிச் சுருங்கும். ஒருத்திக்குள்ள பலவீனம் அத்தனை பேருக்கும் உண்டு என்பதை வைத்துக் கதை பின்னினால் அறிவியலும் நிற்கும், பயமும் நிற்கும்.

இனி தமிழ்ச்சொல். ‘இயந்திர மனிதன்’ ரோபோவுக்குப் போய்விட்டது. ‘பாவை’ அழகான சொல். பக்கத்துக் கொல்லிமலையில் தெய்வம் எழுதிய ‘நல்லியற் பாவை’யைக் குறுந்தொகையே பாடுகிறது. ஆனால் இன்று அது பெண்ணையோ பொம்மையையோதான் நினைவூட்டும். எங்கள் தேர்வு ‘மனிதப்போலி’. போலி மருத்துவர், போலிப் பத்திரம் என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது ஏமாற்று என்று ஒலிக்கலாம். இலக்கணத்தில் போலி அப்படியல்ல: பந்தல் பந்தராகும், நிலம் நிலனாகும், எழுத்து மாறியும் பொருள் மாறாது. ‘போல்’ என்ற அடியும் ‘ஓய்டு’ என்ற ஈறும் ஒரே வேலையைச் செய்கின்றன. ஆணை மட்டும் குறிக்கும் கிரேக்கக் குறையும் ‘மனித’ என்பதில் நீங்கிவிடுகிறது.

தமிழில் எழுதுகிறவருக்கோ மொழிபெயர்க்கிறவருக்கோ வரும் பெரிய சிக்கல் வினைமுற்று. மனிதப்போலி வந்தாளா, வந்ததா? ‘மக்கள் தேவர் நரகர் உயர்திணை’ என்கிறது நன்னூல். மற்றவை உயிர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அஃறிணை. நாயகி தான் செயற்கை என்று பாதிக் கதையில் அறியும் நாவலில், அதற்கு முன் ஓரிடத்தில் ‘வந்தது’ என்று விழுந்தாலே முடிச்சு அவிழ்ந்துவிடும். உண்மை தெரிந்த பிறகு அவளை ‘அது’ என்று முதலில் சொல்வது யார் என்று பாருங்கள். ஆய்வகத்தாரின் வாயிலிருந்து வந்தால் அது பாத்திரத்தின் கொடுமை. கதைசொல்லியே மாற்றிச் சொன்னால், அவளை மனிதக் கணக்கிலிருந்து நீக்கியவர் ஆசிரியர்தான்.