மூட்டை தூக்கி இடுப்பு போனால் ஆஸ்பத்திரியில் என்ன சொல்வது?

வேலூர் லாங்கு பஜாரில் அரிசி மூட்டை இறக்குபவரானாலும் சரி, ராணிப்பேட்டையில் பச்சைத்தோல் கட்டு சுமப்பவரானாலும் சரி, வேலையில் அடிபட்டால் முதலாளி நஷ்டஈடு தரவேண்டும். 1923 முதலே சட்டம் உண்டு. இப்போது அது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டது. முதலாளியின் தப்பு என்று நிரூபிக்கத் தேவையில்லை.

கேஸ் பெரும்பாலும் முதல் நாளே கெட்டுவிடுகிறது. கூட வரும் மேஸ்திரி, "போலீசு கேசுன்னு ஆயிடும்பா, வீட்ல வழுக்கி விழுந்தேன்னு சொல்லு" என்று காதைக் கடிப்பார். அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டர் அதையே விபத்துப் பதிவேட்டில் எழுதிவிடுவார். அப்புறம் நாலு பேர் சாட்சி சொன்னாலும் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியைத்தான் நீட்டுவார். எங்கே, எத்தனை மணிக்கு, எதைத் தூக்கும்போது என்று சொல்லி எழுத வையுங்கள். இடுப்பு பிடித்துக்கொண்டால் வெளிக்காயம் இருக்காது. தைலம் தேய்த்துப் பார்த்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் போனால் பழைய வலி என்பார்கள்.

அடுத்து, "நீ எங்க ஆளே இல்ல, கான்ட்ராக்டரைக் கேளு" என்பார்கள். கான்ட்ராக்டர் போன் சுவிட்ச் ஆஃப். கம்பெனிக்குள் கம்பெனி வேலையைச் செய்யும்போது அடிபட்டால் கம்பெனியையே கேட்கலாம். வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லையா? கூலி வந்த ஜிபே மெசேஜையும் கேட் பாஸையும் அழிக்காதீர்கள்.

பத்தாயிரத்தைக் கையில் வைத்து வெள்ளைத்தாளில் கையெழுத்து கேட்பார்கள். மாதம் 12,000 கூலி, வயது 40, சம்பாதிக்கும் திறனில் 40 சதவீதம் நிரந்தரமாகப் போனது என்றால் சட்டக் கணக்குப்படி 5,30,000 ரூபாய்க்கு மேல் வரும். அப்படிக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் உரிமை போகாது. ஆனால் டாக்டர் சான்றிதழில் அந்தத் திறன் இழப்பு சதவீதம் இருக்கவேண்டும். விரல் போனால் சதவீதம் சட்டத்திலேயே இருக்கிறது, இடுப்புக்கு இல்லை.

லேபர் ஆபீஸில் "இஎஸ்ஐக்குப் போ" (அரசின் தொழிலாளர் காப்பீடு) என்பார்கள், இஎஸ்ஐயில் "நம்பர் இல்லையே, லேபர் ஆபீஸ் போ" என்பார்கள். இடுப்பு போனவரைத்தான் இப்படி மாடிப்படி ஏற வைக்கிறார்கள். தொழிற்சாலையில் பத்துப் பேருக்குக் குறையாமல் இருந்து, சம்பளமும் 21,000க்குள் என்றால் இஎஸ்ஐதான். இரண்டு பக்கமும் வாங்க முடியாது. வேலையில் பட்ட அடிக்கு, இத்தனை நாள் சந்தா கட்டியிருக்கவேண்டும் என்ற நிபந்தனை இஎஸ்ஐயில் கிடையாது. சின்ன மண்டி, கடை ஆட்களுக்கு லேபர் ஆபீஸில் நஷ்டஈட்டு மனுதான். வாயால் திருப்பி அனுப்பினால் பதிவுத் தபாலில் போட்டு ரசீதை வையுங்கள். மனுவுக்குக் கெடு விபத்து நடந்து இரண்டு வருஷம், "பேசி முடிச்சிக்கலாம்" என்று முதலாளி இழுத்தடிக்கும் மாதங்களும் அதில்தான் கழியும்.