படத்தில் வெளிச்சப் புள்ளியா? அது எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள்

கன்னியாகுமரியில் விடியற்காலையில் கேமராவைத் தூக்குகிற எல்லோரும் வெளிச்சத்துக்கு எதிராகத்தான் நிற்கிறார்கள். சூரியன் எழும் பக்கத்தில்தான் விவேகானந்தர் பாறையும் 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலையும் இருக்கின்றன. இரண்டும் வேண்டுமென்றால் சூரியனைப் பார்த்துத்தான் எடுத்தாக வேண்டும். அதனால், படத்தில் பச்சைப் புள்ளி, ஊதா வட்டம், வெளிறிப்போன வானம் என்று கொண்டுவந்து காட்டி "அண்ணே, லென்ஸ் போச்சா?" என்று கேட்பவர்கள் நாகர்கோவிலில் ஸ்டுடியோ வைத்திருக்கும் எங்களிடம் நிறையப் பேர் வருகிறார்கள். பெரும்பாலும் லென்ஸுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. சர்வீஸுக்குக் காசு கொடுக்கும் முன், அந்தப் புள்ளி எங்கே விழுகிறது, எப்போது விழுகிறது என்று பாருங்கள். காரணம் பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

சூரியனிலிருந்து படத்தின் நடு மையம் வழியாக மனதுக்குள் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். புள்ளிகள் அந்தக் கோட்டின் மேலேயே வரிசையாக இருந்தால், அல்லது கேமராவை லேசாகத் திருப்பும்போது அவையும் நகர்ந்தால், அது லென்ஸுக்குள் நடக்கும் பிரதிபலிப்பு. ஒரு லென்ஸுக்குள் பல கண்ணாடிகள் உண்டு. பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். பூச்சு அதை வெகுவாகக் குறைக்கும், முழுசாக நிறுத்தாது. நேரடிச் சூரியன் அளவுக்கு வெளிச்சம் வரும்போது அந்த மிச்சமே படத்தில் தெரியப் போதும். அறுகோணம், எண்கோணமாக விழுகிற புள்ளிகள் லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளையைச் சுருக்கும் அப்பர்ச்சர் இதழ்களின் வடிவம்.

இதில் நான் முதலில் கைவைப்பது யுவி ஃபில்டரில்தான். லென்ஸைக் காப்பாற்ற என்று எல்லோரும் மாட்டி வைத்திருக்கிறோம். ஆனால் அது முன்னால் நிற்கும் தட்டையான கண்ணாடி. படத்தைப் பதியும் சென்சாரிலிருந்து திரும்பி வரும் வெளிச்சம் அதில் பட்டு மறுபடியும் உள்ளே போகும். மலிவான ஃபில்டராக இருந்தால் சொல்லவே வேண்டாம். படகில் போகும்போதும் பாறை ஓரத்தில் அலை தெறிக்கும்போதும் ஃபில்டர் கட்டாயம் வேண்டும். கரையில் நின்று சூரியோதயம் எடுக்கும்போது கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள். லென்ஸ் முனையில் மாட்டும் மறைப்பான ஹூட் நல்லதுதான், ஆனால் சூரியன் ஃப்ரேமுக்கு வெளியே இருக்கும்போதுதான் அதனால் பயன். தலைகீழாக மாட்டி வைத்திருக்கும் ஹூட்டால் ஒரு பயனும் இல்லை.

போனிலும் இதே கதைதான். இரவில் ஒளியூட்டிய சிலையையோ, கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழா அலங்காரத்தையோ எடுத்தால், விளக்குகள் தலைகீழாகப் பச்சை நிறத்தில் எதிர்மூலையில் மிதக்கும். கேமரா மேல் ஒட்டிய பாதுகாப்புக் கண்ணாடியை எடுத்துவிட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள். பலருக்குப் பாதிப் பிரச்சினை அங்கேயே குறைந்துவிடுகிறது. மீதிக்கு, பளிச்சென்ற விளக்கு ஒதுங்கும்படி ஓரடி தள்ளி நில்லுங்கள்.

புள்ளியாக இல்லாமல் படம் முழுக்க வெண்மையாக மூடியிருந்தால் உப்பைச் சந்தேகப்படுங்கள். முட்டமோ சொத்தவிளையோ, கடல் காற்றில் கொஞ்ச நேரம் நின்றாலே முன் கண்ணாடியில் உப்புப் படலம் படிந்துவிடும். தயவுசெய்து சட்டை முனையால் துடைக்காதீர்கள். உப்புத் துகளும் மணலும் பூச்சைக் கீறும், அந்தக் கீறலைச் சரிசெய்ய முடியாது. முதலில் ப்ளோயரால் ஊதி, பிறகு மென்மையான பிரஷ், அப்புறம் லென்ஸ் திரவம் தொட்ட மைக்ரோஃபைபர் துணி. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர் நம்முடையது என்பதால், லென்ஸுக்குள் டார்ச் அடித்து அவ்வப்போது பாருங்கள். சிலந்திவலை மாதிரி தெரிந்தால் அது பூஞ்சை, அதற்குத்தான் சர்வீஸ். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருக்கும் பெட்டியில் வைத்தால் பூஞ்சை எளிதில் அண்டாது.

கோயில் கொடை, கல்யாண வீட்டுப் படங்களில் மிதக்கும் வெள்ளை வட்டங்கள் வேறு வகை. அம்மன் வந்திருக்கிறாள், இறந்துபோன தாத்தா வந்திருக்கிறார் என்று நம்பிக் கொண்டுவருவோர் உண்டு. அந்த மனசைப் புண்படுத்த எனக்கு விருப்பமில்லை. ஆனால் அதைக் காட்டிப் பயமுறுத்திப் பரிகாரத்துக்குப் பணம் கேட்பவர்களும் இருப்பதால் சொல்லியாக வேண்டும். லென்ஸுக்கு மிக அருகில் பறக்கும் தூசி, சாம்பிராணிப் புகைத் துகள், மழைத்துளி ஆகியவற்றின் மேல் ஃபிளாஷ் வெளிச்சம் பட்டுத் திரும்புகிறது. ஃபோகஸ் இல்லாததால் வட்டமாக விரிகிறது. அதே இடத்தில் ஃபிளாஷை அணைத்து இன்னொரு படம் எடுத்தால் வட்டம் இருக்காது. கேமராவை விட்டுத் தள்ளி, பக்கவாட்டில் ஃபிளாஷைப் பிடித்தாலும் குறையும். திற்பரப்பு அருவிச் சாரலில் ஃபிளாஷ் இல்லாமலே, வெயில் பட்ட துளிகளால் இப்படி வரும்.

எந்தப் படம் எடுத்தாலும் அதே இடத்தில் நிற்கும் புள்ளிகள்தான் கேமராவின் சொந்தப் பிரச்சினை. ஷட்டரைப் பல நொடி திறந்துவைத்து எடுக்கும் நீண்ட எக்ஸ்போஷரில் மட்டும் சிவப்பு, நீல மணிகளாகத் தெரிந்தால் அது சென்சாரில் தானாக மின்னும் ஹாட் பிக்சல். கேமரா மெனுவில் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனை ஆன் செய்தால் பெரும்பாலும் போய்விடும். எஃப்16, எஃப்22 போன்ற மிகச் சிறிய அப்பர்ச்சரில் வானத்தில் கருப்பாகத் தெரிந்தால் சென்சார் தூசி. கச்சேரி மேடை லேசருக்கு நேராக மட்டும் கேமராவைக் காட்டாதீர்கள். ஒரு நொடியில் சென்சாரில் நிரந்தரமான புள்ளியோ கோடோ விழலாம், அதற்கு சென்சாரையே மாற்ற வேண்டியிருக்கும்.

எல்லாம் செய்தும் சூரியோதயப் படத்தில் பச்சைப் புள்ளி போகவில்லையா? ட்ரைபாடில் கேமராவை வைத்து, எக்ஸ்போஷரையும் ஃபோகஸையும் மேனுவலில் பூட்டி இரண்டு படம் எடுங்கள். ஒன்று சாதாரணமாக. இன்னொன்று, லென்ஸுக்கு முன்னால் கட்டைவிரலை நீட்டிச் சூரியனை மட்டும் மறைத்து. வீட்டில் ஃபோட்டோஷாப்பில் இரண்டையும் அடுக்கி, விரல் தெரியும் இடத்துக்கு முதல் படத்தையும் மற்ற இடங்களுக்கு இரண்டாவதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.