மோட்டார் எத்தனை கிலோவோட்? மின்சாரக் காரின் வரியும் கரண்ட் பில்லும்

மட்டக்களப்பு நகரில் இருந்து கல்முனைக்குத் தினமும் வேலைக்குப் போய்வரும் சிநேகிதர் ஒருவர் போன கிழமை கேட்டார்: "மச்சான், மின்சாரக் கார் ஒண்டு எடுப்பமா? பெற்றோல் காசு மிச்சம், சூழலுக்கும் நல்லதாமே." இரண்டும் உண்மைதான், ஆனால் எல்லோருக்கும் உண்மையில்லை. அவருக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் வரி. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி 1 அன்று மீண்டும் திறக்கப்பட்டது. பெற்றோல் காருக்கு எஞ்சினின் கொள்ளளவைப் பார்த்து உற்பத்தி வரி போடுவார்கள். மின்சாரக் காருக்கு மோட்டாரின் வலு எத்தனை கிலோவோட் என்று பார்ப்பார்கள். பெற்றரி எவ்வளவு பெரியது என்பது இந்தக் கணக்கிலேயே வராது. 2025 ஆரம்பத்து வீதப்படி, ஒரு வருடத்துக்குக் குறைந்த காரென்றால் 50 கிலோவோட் வரை ஒரு கிலோவோட்டுக்கு 18,100 ரூபா, 100 வரை 24,100, 200 வரை 36,200, அதற்கு மேல் 96,600. அதைவிடப் பழைய கார் என்றால் வீதம் இன்னும் கூடும்.

இங்கே கவனிக்கவேண்டிய ஒரு படி இருக்கிறது. 100 கிலோவோட் மோட்டாருக்கு 24 இலட்சத்து 10 ஆயிரம். 150 கிலோவோட் என்றால் 54 இலட்சத்து 30 ஆயிரம். கூடிய வீதம் முழு மோட்டாருக்கும் விழுவதால் வரி இப்படிப் பாய்கிறது. சீன மொடல் ஒன்றின் மோட்டார் 100ஆ 150ஆ என்ற பிணக்கு 2025இல் நீதிமன்றம் வரை போனதும் இந்த இடைவெளியால்தான். ஆகவே காரின் நிறத்தைப் பார்க்குமுன் பத்திரத்தில் கிலோவோட்டைப் பாருங்கள். இதற்கு மேல் சுங்கத் தீர்வையும் 18 சதவீத வற் வரியும் உண்டு. காப்புறுதியும் கப்பல் கட்டணமும் சேர்ந்த விலை 60 இலட்சத்தைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 60 சதவீத சொகுசு வரியும் வரும். வரவு செலவுத் திட்டத்தோடு வீதங்கள் மாறக்கூடும் என்பதால் முற்பணம் கொடுக்குமுன் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

இடையில் ஒன்று. 2022இல், வெளிநாட்டில் உழைப்பவர்கள் வங்கி மூலம் அனுப்பிய டொலரில் பாதிப் பெறுமதிக்கு மின்வாகனம் இறக்கலாம் என்று ஒரு திட்டம் வந்தது. நம் பக்கம் கட்டாருக்கும் சவூதிக்கும் போன ஆள் இல்லாத வீடு குறைவு என்பதால் அந்தப் 'பேமிட்' கதை இன்னும் சுற்றுகிறது. இறக்குமதி திறந்த பிறகு அது காலம் கடந்த கதை. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

சரி, ஓட்டச் செலவு. சிநேகிதரின் கார் மாதம் 1,700 கிலோமீற்றர் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். லீற்றருக்கு 15 கிலோமீற்றர், பெற்றோல் 300 ரூபா என்றால் மாதம் 34,000 ரூபா. மின்சாரக் காருக்கு, சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, 100 கிலோமீற்றருக்கு 18 யுனிட் போடலாம். மொத்தம் 306 யுனிட். வீட்டு மின்சாரம் படிப்படியாக ஏறும் கட்டணம் என்பதால் கார் வந்ததும் பில் 180 யுனிட்டைத் தாண்டி உச்சப்படிக்குப் போய்விடும். அங்கே ஒரு யுனிட் 60 ரூபா என்று பிடித்தால் 18,360 ரூபா. மிச்சம் இருக்கிறதுதான், ஆனால் விற்பவர்கள் சொல்கிற அளவுக்கு இல்லை.

கூரையில் சோலார் இருந்தால் கணக்கே வேறு. மிஞ்சும் மின்சாரத்தை மின்சார சபைக்கு விற்கும் முறையில், 5 கிலோவோட் வரையான புதிய இணைப்புகளுக்கு 2025இல் யுனிட்டுக்கு 20.90 ரூபா என்று விலை குறைத்தார்கள். சோலார் வைத்தவர்கள் அதற்காக நொந்துகொண்டார்கள், நியாயம்தான். ஆனால் கார் வைத்திருப்பவருக்கு அது அனுகூலம். 20.90க்கு விற்பதற்குப் பதில் அந்த மின்சாரத்தைக் காருக்குக் கொடுக்கிறார். 306 யுனிட்டுக்கு அவர் இழப்பது ஏறக்குறைய 6,400 ரூபாதான். மாரி மழைக் காலத்தில் கூரை அவ்வளவு தராது, அதையும் மனதில் வையுங்கள்.

சோலார் இல்லாதவர்களுக்கு நேரப்படி மாறும் கட்டணம் ஒன்று இருக்கிறது. இரவு 10.30 முதல் காலை 5.30 வரை மலிவு, மாலை 6.30 முதல் 10.30 வரை உச்சம். திரீ பேஸ் இணைப்புக்காரர்களுக்கு வந்த திட்டம் இது. உங்கள் இணைப்புக்குக் கிடைக்குமா என்று பிரதேச மின்சார அலுவலகத்தில் கேளுங்கள். வேலை முடிந்து வந்து ஏழு மணிக்கே காரைச் செருகுவதுதான் எல்லோரும் செய்வது. அதுதான் மிக மோசமான நேரமும். நாடு முழுவதும் விளக்குப் போடும் அந்த நேரத்தில் டீசல் மின்நிலையங்களும் ஓடும்.

சூழல் விவாதமும் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் 2.3 கிலோ காபனீரொட்சைட்டு. அவருடைய 113 லீற்றருக்கு மாதம் 260 கிலோ. நுரைச்சோலை நிலக்கரியில் ஒரு யுனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ வரும். 306 யுனிட்டும் அங்கிருந்தே வந்தால் மின்சாரக் கார் பெற்றோல் காரைவிடக் கூடப் புகைக்கிறது என்று அர்த்தம். நல்லவேளை, நம் மின்சாரத்தில் நீரும் சூரியனும் காற்றும் கணிசமாகக் கலந்திருக்கின்றன. மகாவலி அணைகள் நிரம்பிய ஆண்டும் வரண்ட ஆண்டும் ஒன்றல்ல.

பெற்றரி செய்யும்போதே ஒரு கடன் விழுகிறது. 50 கிலோவோட் மணி, அதாவது 50 யுனிட் கொள்ளும் பெற்றரிக்கு மூன்று முதல் ஐந்து தொன் காபனீரொட்சைட்டு. சூரிய மின்சாரத்தில் 1,700 கிலோமீற்றர் ஓடினால் ஒன்று, ஒன்றரை வருடத்தில் அந்தக் கடன் தீரும். காத்தான்குடிச் சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்குமாக மாதம் 300 கிலோமீற்றர் மட்டும் ஓடுகிறவருக்கு ஐந்து முதல் ஒன்பது வருடம் எடுக்கும். காசுக் கணக்கிலும், சோலார் இல்லாமல் யுனிட் 60 ரூபா என்று பிடித்தால், அவருக்கு மிச்சம் மாதம் மூவாயிரத்தைத் தொடாது. அவர் இருக்கிற காரையே நன்றாகப் பராமரித்து ஓடட்டும், அதுதான் சூழலுக்கும் நல்லது என்பேன்.

சிநேகிதருக்குக் கூரையும் இருக்கிறது, ஓட்டமும் இருக்கிறது. ஆனால் புதுக் காருக்குக் காசு போதாமல் நிசான் லீஃப் என்ற மின்சாரக் காரில் பழையது ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். அதன் பெற்றரிக்குத் திரவக் குளிரூட்டல் இல்லை, நம் வெயிலில் சீக்கிரம் தேயும். டாஷ்போட்டில் பெற்றரியின் ஆயுளைக் காட்டும் 12 கோடுகளில் எத்தனை மிச்சம் என்று எண்ணிப் பார்த்து, முழுச் சார்ஜில் கல்முனைக்கு ஒருதரம் போய்வந்து பார்த்துவிட்டு விலை பேசச் சொல்லியிருக்கிறேன்.