சுழலியூட்டியா, மின்னேற்றியா?

ரேர்போ, அதாவது எஞ்சினுக்குள் கூடுதல் வளியை ஊட்டும் 'ரேர்போசார்ஜர்' (turbocharger), பூட்டிய பெற்றோல் எஞ்சினை "மின்னேற்றப்பட்ட எஞ்சின்" என்று எழுதுவதை வாகன விளம்பரங்களில் பலமுறை கண்டு பொறுத்துக்கொண்டேன். ஆனால் யாழ்ப்பாணத்துக் கே.கே.எஸ். வீதியிலுள்ள கராச் ஒன்றில், அத்தகைய துண்டுப்பிரசுரத்தைக் கையில் பிடித்திருந்த பெரியவர் ஒருவர், "தம்பி, இதின்ரை பெரிய பற்றறி எங்கை இருக்கு? எத்தினை வருசம் நிக்கும்?" என்று கேட்டபோது பொறுமை போய்விட்டது. மெக்கானிக் கழற்றி வைத்திருந்த ரேர்போ ஒன்றை எடுத்துக் காட்டினார். தண்டின் ஒரு முனையில் கரி படிந்த சில்லு, மறுமுனையில் பளபளக்கும் அலுமினியச் சில்லு; விரலால் தட்டினால் பம்பரமாகச் சுழன்றது. இலத்தீனில் ரேர்போ என்பதற்கும் சுழல், பம்பரம் என்பனவே பொருள்.

ரேர்போசார்ஜரில் உள்ள 'சார்ஜ்' என்பதன் வேர், வண்டியில் பாரம் ஏற்றுவதைக் குறித்த சொல். துவக்கில் மருந்து இடுவதும், பற்றறிக்கு மின் ஏற்றுவதும், எஞ்சின் உருளைக்குள் வளியை நிரப்புவதும் அதன் கிளைப்பொருள்கள். கைத்தொலைபேசியால் ஒரு கிளையை மட்டும் அறிந்த மொழிபெயர்ப்பாளர் அதையே எங்கும் ஒட்டுகிறார். மின்னேற்றி மக்களுக்குப் பழகிய சொல் என்று வாதிடுவோர் உளர். பழகிய சொல் என்பதாலேயே அது இங்கு கேடு செய்கிறது. ஹைபிரிட் கார்கள் மலிந்த ஊரில் அச்சொல்லைக் கேட்பவர் பற்றறியைத்தான் தேடுவார்.

1905இல் சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூகி காப்புரிமம் பெற்ற ரேர்போக் கருவி, வெளியேறும் புகையின் விசையால் சுழன்று, உருளைக்குள் கூடுதல் வளியை ஊட்டுகிறது. டீசல் எஞ்சின் வளியை மட்டும் நெருக்கிச் சூடாக்கி, அதன் பின்னரே எரிபொருளை விசிறுவதால், எவ்வளவு வளியை ஊட்டினாலும் எரிபொருள் முந்தித் தீப்பற்றும் அச்சம் அதற்கு இல்லை. பெற்றோல் எஞ்சினில் வளியோடு எரிபொருளும் சேர்ந்து நெருக்கப்படுவதால், ஊட்டம் மிகுந்தால் தீப்பொறி மூட்டிய சுடர் வந்து சேருமுன்பே மீதிக் கலவை தானே வெடித்துத் தட்டும். அதனாலேயே டீசலில் ஏறத்தாழ 16:1 ஆக இருக்கும் நெருக்கல் விகிதம் (உருளைக்குள் வளி எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்ற அளவு) இதில் 10:1 அளவில் நிறுத்தப்படுகிறது. புதிய எஞ்சின்களில் உருளைக்குள் நேரே விசிறப்படும் பெற்றோல் ஆவியாகி வளியைக் குளிர்விப்பதால் அந்தத் தட்டல் அடங்குகிறது. டீசலைப் போலவே குறைந்த சுற்றிலேயே முறுக்கமும் (சுழற்றும் வலுவும்) கிடைக்கிறது. 'ஊட்டம்' என்ற ஒரு சொல்லால் இவ்வளவையும் விளக்கலாம். 'மின்னேற்றம்' என்று தொடங்கியவர் முதல் வரியிலேயே இடறுவார்.

ஆகவே சுழலியூட்டி என்பதே என் தெரிவு. 'ரேர்பைன்' (turbine) என்பதற்குத் தமிழகத்தார் வழங்கும் 'விசையாழி'யை முன்னொட்டாக வைத்தால் சொல் நீண்டுவிடும். எஞ்சினின் சுழல்தண்டிலிருந்து பட்டியால் இயக்கப்படும் 'சுப்பர்சார்ஜர்' (supercharger) கருவிக்கு மிகையூட்டி என்ற பெயர் தனியே இருக்கட்டும். கராசில் ரேர்போ என்றே சொல்லலாம், அதில் எனக்கு வழக்கில்லை.

அதே பிரசுரத்தின் மறுபக்கத்தில், ரேர்போ இல்லாமல் தானே மூச்சிழுக்கும் (naturally aspirated) எஞ்சினுக்கு, மூச்சிழுத்தலை ஆசை (aspire) என்று கொண்டு, "இயற்கையாக ஆசைப்படும் எஞ்சின்" என்று அச்சிட்டிருந்தார்கள். பெரியவர் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.