ஐராவதி எந்த மலையில் பிறக்கிறது?

தேவகோட்டை வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "எங்கள் வளவில் நிற்கும் பர்மா தேக்குத் தூண்களெல்லாம் ஐராவதி ஆற்றில் மிதந்து வந்தவை என்று ஆச்சி சொல்வார்கள். அந்த ஆறு எந்த மலையில் பிறக்கிறது?"

நதிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். அதை நம்பி உட்கார்ந்திருந்தால் நீர்வரத்தை அளக்கவே ஆள் இருக்காது. பார்த்துவிடுவோம்.

ஐராவதி என்ற பெயரோடு எந்த மலையிலும் ஓர் ஊற்றுகூட இல்லை. பர்மாவின் வடகோடியில் உள்ள கச்சின் மலைநாட்டில் மலிகா, நமைகா என்ற இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில்தான் அந்தப் பெயரே தொடங்குகிறது. இடத்தின் பெயர் மியித்சோன். பர்மிய மொழியில் கூடுதுறை என்று பொருள். (அந்த மலைக்காரர்களின் ஜிங்போ மொழியில் 'கா' என்றாலே ஆறுதான். 'மலிகா ஆறு' என்பது நம் ஊர் 'கேட்டுவாசல்' கணக்கு.)

இரண்டில் பெரியது கிழக்கே வரும் நமைகா. ஆனால் அதில் படகு போகாது, சின்னதான மலிகாவில் போகும். காரணம் நமைகாவின் வேகம்.

ஓர் ஆற்றின் வேகம் இரண்டு மடங்கானால், அது உருட்டக்கூடிய கல்லின் எடை எத்தனை மடங்காகும்? நான்கு என்று தோன்றும். 64! நீரின் தள்ளுவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே 4 மடங்கு. இப்போது நான்கு மடங்கு அகலமான கல்லை வையுங்கள். நீர் மோதும் பரப்பு 16 மடங்கு. விசை 4 × 16, அதாவது 64 மடங்கு. கல்லின் எடையும் 4 × 4 × 4, அதே 64! எலுமிச்சம்பழ அளவுக் கல்லை நகர்த்திய தண்ணீர் பரங்கிக்காய் அளவுக் கல்லை உருட்டிக்கொண்டு போகும். தோராயக் கணக்குதான், ஆனால் எத்தனை முறை போட்டாலும் எனக்குச் சலிப்பதில்லை. அந்த வேகத்தில் படகு என்ன பாடுபடும்!

சரி, பெயர்? ஐராவதி பாலி, சமஸ்கிருதம் வழியாக வந்தது. பஞ்சாபின் ராவிக்கும் பழைய பெயர் இராவதிதான். அந்தப் பெயர் கூடுதுறை வரைக்கும் ஏறி நின்றுவிட்டது. அதற்கு மேலே மலைக்காரர்கள் வைத்த பெயர்தான்.

உங்கள் தூண் மியித்சோனைப் பார்த்திருக்காது. தேக்குக் காடுகள் பெரும்பாலும் அதற்குத் தெற்கே, சிந்த்வின் போன்ற துணையாறுகளின் பக்கம். பச்சைத் தேக்கு மூழ்கிவிடும் என்பதால், அடிமரத்தில் பட்டையை வளையமாக வெட்டி, நின்றபடியே இரண்டு மூன்று ஆண்டு காயவிட்டுத்தான் ஆற்றில் இறக்குவார்கள். மிதந்து வந்தது என்று ஆச்சி சொன்னதை நான் நம்புகிறேன்.