பவர் ஸ்டேஷன் வைத்திருக்கிறீர்களா? கரண்ட் திரும்பி வரும்போது கவனியுங்கள்

ஐப்பசி பிறந்துவிட்டால், பேட்டரியும் இன்வெர்ட்டரும் ஒரே பெட்டியில் அடங்கிய போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன் பற்றி விசாரித்து எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். வீட்டு வயரிங்கும் இன்வெர்ட்டர் வேலையும் என் தொழில். "எத்தனை மணி நேரம் ஓடும்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். "எந்த பிளக்கில் சார்ஜ் போடுவது?" என்று கேட்பவர்கள் அபூர்வம். நான் போய்ப் பார்த்த கருகல்களில் பெரும்பாலானவை கரண்ட் இல்லாதபோது நடந்தவை அல்ல, வந்த பிறகு நடந்தவை.

காரணம் எளிது. 1,000 வாட்-ஹவர் கொள்ளளவுள்ள பெட்டி, வேகமாக சார்ஜ் ஏறும்போது 1,000 வாட்டுக்கு மேலும் இழுக்கும். அதாவது 4, 5 ஆம்பியர், ஒரு மணி நேரத்துக்கு விடாமல். நம் வீட்டு ஸ்விட்ச் பாக்ஸில் இருக்கும் சின்ன பிளக் 6 ஆம்பியருக்கானது. அதிலிருந்து மலிவான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றை இழுத்து, பவர் ஸ்டேஷனோடு ஃபிரிட்ஜையும் மாட்டியிருப்பார்கள். ஆறு மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்ததும் இரண்டும் சேர்ந்து இழுத்தால், முதலில் உருகுவது அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான். ஏசி, கீசருக்குப் போட்ட 16 ஆம்பியர் பாயின்ட்டில் நேரடியாகச் செருகுங்கள். மெதுவாக சார்ஜ் செய்யும் வசதி இருந்தால் அதையே வையுங்கள்; அவசரம் ஒன்றுமில்லை.

கரண்ட் வந்த நொடியிலேயே எதையும் செருக வேண்டாம். புயலில் தெருக் கம்பத்தில் நியூட்ரல் அறுந்திருந்தால், 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 300-க்கும் மேல் ஏறும். பல்பு வழக்கத்தைவிடப் பளிச்சென்று எரிந்தாலோ, ஒரு அறையில் பிரகாசமும் இன்னொரு அறையில் மங்கலுமாக இருந்தாலோ, மெயினை அணைத்துவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் பத்து நிமிடம் பொறுத்து சார்ஜ் போடலாம்.

எனக்கு நிஜமாகவே கோபம் வருவது இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரைப் பார்த்தால்தான். பெட்டியிலிருந்து சுவர் பிளக்கில் செருகி, வீடு முழுக்க ஃபேன் ஓட்டுகிற வித்தை. ஒரு முனையைப் பிடுங்கினால் பித்தளைப் பின்களில் 230 வோல்ட் வெளியே தெரிய நிற்கும். மெயினை அணைக்க மறந்தால், தெருவில் அறுந்து கிடக்கும் சர்வீஸ் வயருக்கும் அது போகும். கம்பத்தில் பியூஸைப் பிடுங்கிவிட்டோம் என்ற நம்பிக்கையில் லைன்மேன் அந்த வயரைத் தொடுவார். பெட்டி தாங்காமல் உடனே அணைந்துவிடும் என்பார்கள். அக்கம்பக்கத்து லோடு எல்லாம் சேர்ந்தால் அணையும். உங்கள் வயர் மட்டும் தனியாகத் தொங்கினால் அணையாது. போதாக்குறைக்கு, மெயின் அணைக்காத நிலையில் வாரியத்தின் கரண்ட் திரும்பி வந்தால் பெட்டிக்குள்ளேயே வெடிக்கும். எதை ஓட்ட வேண்டுமோ அதை நேராகப் பெட்டியில் மாட்டுங்கள்.

பெட்டியின் பிளக்கில் டெஸ்டரை வைத்தால் இரண்டு துளையிலும் மங்கலாக எரிகிறதே என்றும் சிலர் பயப்படுகிறார்கள். பல மாடல்களில் நியூட்ரலை எர்த்தோடு இணைப்பதில்லை, அதனால்தான் அப்படி; பழுது அல்ல. ஆனால் கரண்ட் கசிந்தால் தானே அணைக்கும் ஆர்சிசிபி உங்கள் மெயின் போர்டில் இருந்தாலும், அது இந்தப் பெட்டியில் ஓடும் சாமான்களுக்குக் காவல் கிடையாது. ஈரத் தரையில் வைத்து மிக்ஸி ஓட்டாதீர்கள்.

சரி, எத்தனை மணி நேரம்? 1,000 என்று எழுதியிருந்தால் 850 கைக்கு வரும் என்று வையுங்கள். 75 வாட் ஃபேன் ஒன்று, இரண்டு எல்இடி பல்பு, வைஃபை ரவுட்டர் என்றால் எட்டு மணி நேரம் ஓடும். 5 லிட்டர் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் 350 வாட் வரை இழுக்கும்; இரண்டரை மணி நேரம்கூட முழுதாக வராது. அந்த வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றும் இருக்கத்தான் வேண்டும்.

வாங்கும்போது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியா என்று கேளுங்கள். மற்ற லித்தியம் வகைகளைவிட வெப்பம் தாங்கும், அதிக வருஷம் உழைக்கும். அதுவும் தீப்பிடிக்கவே பிடிக்காது என்றில்லை. மெத்தை மேலும், அலமாரிக்குள்ளும், வாசலை மறித்தும் வைத்து சார்ஜ் செய்யாதீர்கள். உப்பினாலோ, ரசாயன வாடை வந்தாலோ சார்ஜ் போடுவதை அன்றோடு நிறுத்துங்கள். புகை வந்தால் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். ஆட்களை வெளியேற்றி, கதவைச் சாத்திவிட்டு 101-க்கு அழையுங்கள். அந்தப் புகை நஞ்சு.

வெள்ளத்தில் மூழ்கிய பெட்டியை வெயிலில் காய வைத்து மறுபடி சார்ஜ் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே உப்பும் சேறும் தங்கியிருக்கும், சில நாள் கழித்துக்கூடப் பற்றலாம். அதை வீட்டுக்கு வெளியே, எரியும் பொருள் எதுவும் அருகில் இல்லாத இடத்தில் வையுங்கள். காயலான் கடைக்கும் போடக் கூடாது. அங்கே சுத்தியலால் உடைப்பார்கள். 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் தயாரிப்பாளர் மீது பழைய பேட்டரிகளைச் சேகரிக்கும் பொறுப்பைச் சுமத்தியிருக்கின்றன. பில்லைத் தேடி எடுத்து, அவர்களின் சர்வீஸ் சென்டரை அழையுங்கள்.