சுலவேசியின் செம்மண் எவர்சில்வர் ஆகும் வழி

இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் வெட்டியெடுக்கும் நிக்கல் தாது, மழையில் ஊறிய செம்மண் போலத்தான் இருக்கும். எடையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். உலர்ந்த மண்ணில் 1.8 விழுக்காடு நிக்கல் என்று கணக்கிட்டால், ஒரு டன் ஈரத்தாதில் கிடைப்பது 12 கிலோ. இதை அப்படியே கப்பலில் கொட்டிச் சீனாவுக்கு அனுப்பி வந்தார்கள். ஈரம் வரம்பு மீறினால், கப்பல் குலுங்கக் குலுங்கத் தாது குழம்பாக இளகி ஒரு பக்கம் சரியும். 2010ஆம் ஆண்டின் கடைசியில், ஆறு வாரத்துக்குள் மூன்று கப்பல்கள் இப்படி மூழ்கின. 44 மாலுமிகள் இறந்தார்கள்.

தாதை உள்நாட்டிலேயே உருக்க வேண்டும் என்றது 2009ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம். 2014இல் ஏற்றுமதித் தடை வந்தது; 2017இல் தளர்ந்தது; 2020 ஜனவரி 1 முதல் முழுமையானது. ஆனால் எந்த ஆலை கட்டலாம் என்பதைச் சட்டத்தைவிட மண்ணே தீர்மானிக்கிறது.

மக்னீசியம் மிகுந்த பாறையை வெப்பமண்டல மழை அரிக்கும்போது மக்னீசியம் கரைந்துபோக, மேலே இரும்பு தங்குகிறது. இதுதான் லிமோனைட் அடுக்கு. நிக்கல் 1 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். கரைந்து கீழே இறங்கிய நிக்கல், மக்னீசியம் இன்னும் மிச்சமுள்ள சாப்ரோலைட் அடுக்கில் சேர்கிறது.

சாப்ரோலைட் உலைக்குப் போகும். உலர்த்தும் உருளையில் ஈரத்தை 20 விழுக்காடு அளவுக்குக் குறைப்பார்கள். அதற்கும் கீழே போனால் தூசு பறக்கும். பிறகு சுழலும் நீள்சூளையில் நிலக்கரியோடு சேர்த்து 900 டிகிரி செல்சியசு வரை சூடாக்குவார்கள். சூடு அளவு மீறினால் தாது பாதி உருகிச் சூளைச் சுவரில் வளையமாக ஒட்டிக்கொள்ளும். சூளையை நிறுத்தித்தான் உடைத்தெடுக்க வேண்டும். அடுத்த மின்னுலையில் 1500 டிகிரிக்கு மேல் உலோகம் அடியில் தங்க, கசடு மேலே மிதக்கும். சிலிக்காவும் மக்னீசியாவும் (மக்னீசியம் ஆக்சைடு) சரியான விகிதத்தில் இல்லாவிட்டால் கசடு வடியாது, அல்லது உலைச் சுவரையே அரித்துவிடும். கிடைக்கும் வார்ப்பிரும்பில் நிக்கல் பத்து விழுக்காடு அளவில் இருக்கும். மொரோவாலித் தொழிற்பேட்டையில் அதை ஆறவிடாமல் பக்கத்து எவர்சில்வர் ஆலைக்கே கொண்டுபோகிறார்கள். மறுபடி உருக்கும் மின்செலவு மிச்சமாகிறது. இந்த ஒரு ஏற்பாடுதான் சுலவேசியின் பெரிய பலம் என்பேன்.

லிமோனைட்டுக்கு அமிலம். டைட்டானியம் பூசிய அழுத்தக்கலனில் 250 டிகிரி வெப்பத்திலும் 40 வளிமண்டலத்துக்கு மேற்பட்ட அழுத்தத்திலும் கந்தக அமிலத்தோடு ஏறத்தாழ ஒரு மணி நேரம் வேக வைப்பார்கள். கரைந்த இரும்பு அந்தச் சூட்டில் ஹெமடைட் என்னும் இரும்பு ஆக்சைடாக மீண்டும் படிந்து, தான் பிடித்த அமிலத்தைத் திருப்பித் தருகிறது. மக்னீசியம் அப்படித் தருவதில்லை. அதனால்தான் சாப்ரோலைட்டை இங்கே போட்டால் அமிலச் செலவு கட்டுப்படியாகாது. முடிவில் கிடைக்கும், நிக்கலும் கோபால்ட்டும் கலந்த ஐதராக்சைடு மின்கலத் தொழிலுக்குப் போகிறது. ஆனால் இந்த முறை எளிதல்ல: 1990களின் இறுதியில் மேற்கு ஆஸ்திரேலியாவில் கட்டிய இத்தகைய மூன்று ஆலைகளில் காஸ், புலாங் இரண்டும் மூடப்பட்டன.

அமிலத்தைச் சுண்ணாம்புக்கல்லால் முறித்த பின் எஞ்சும் சேறு, உலர்எடையில் உள்ளே போன தாதைவிட அதிகம். மழையும் நிலநடுக்கமும் மிகுந்த தீவில் அதைக் குவித்து வைப்பது எனக்குப் பெரிய கவலை. 2025 மார்ச்சில் மொரோவாலியில் கழிவுக்குவியல் சரிந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். உலைப்பக்கமும் அப்படியே. 2023 டிசம்பர் 24இல் பழுதுபார்ப்புக்கு நிறுத்தியிருந்த உலையில் மிச்சமிருந்த கசடு வெளியேறித் தீப்பற்றியதில் 21 பேர் மாண்டார்கள். உலைகளுக்கு மின்சாரம் தருவதும் பெரும்பாலும் அவற்றுக்கென்றே கட்டிய நிலக்கரி நிலையங்கள்.

இன்று உலக நிக்கலில் பாதிக்கு மேல் இந்தோனேசியாவினது. ஆனால் முதலீடும் தொழில்நுட்பமும் பெரும்பாலும் சீன நிறுவனங்களுடையவை. 2023இல் மட்டும் நிக்கல் விலை ஏறத்தாழ பாதியாகச் சரிந்தது. நிக்கலே இல்லாத இரும்பு பாஸ்பேட் மின்கலங்களும் பரவுகின்றன. உலைகள் பெருகிய வேகத்துக்குச் சுரங்க அனுமதிகள் ஈடுகொடுக்கவில்லை. சிலிக்கா, மக்னீசியா விகிதத்தைச் சரிக்கட்டக் கலப்புத் தாதும் வேண்டியிருந்தது. 2024இல் பிலிப்பைன்சிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி டன் தாதை இந்தோனேசியா இறக்குமதி செய்தது.